வாகெனிங்கனில் ஊரக ஆய்வு: ‘சாண்ட்விச்’ பிஎச்.டி எனக்குத் தந்ததும் கேட்டதும்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களை ஆராய நெதர்லாந்து எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள், வயலிலும் கேட்டார்கள். வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஊரகச் சமூகவியலில் முனைவர் பட்டம் முடித்துக் கொஞ்ச காலம் ஆகிவிட்ட நிலையில், இப்போதுதான் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது.

நான் சேர்ந்தது ‘சாண்ட்விச் பிஎச்.டி’ என்ற முறையில். முதல் சில மாதங்கள் அங்கே தங்கி ஆய்வுத் திட்டத்தை எழுத வேண்டும். நடுவில் இரண்டு மூன்று வருடம் சொந்த நாட்டில் களப்பணி. கடைசியில் மறுபடி அங்கே போய் எழுதி முடிக்க வேண்டும். மொத்தம் நான்கு வருடக் கணக்கு. கூடவே 30 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள், கருத்தரங்குகள். கிராமத்தை ஆராய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை. களம் கைவிட்டுப் போவதில்லை. அதே சமயம், பிறந்து வளர்ந்த ஊர்தானே, எல்லாம் தெரியும் என்ற நினைப்பிலிருந்தும் விலகி நிற்க முடிகிறது.

படிப்பின் உண்மையான வரவு அங்கிருக்கும் சிந்தனை மரபுதான். 1946இல் அங்கே பேராசிரியராக வந்த சமூகவியலாளர் ஹோஃப்ஸ்டே, ஒரே மண்ணும் ஒரே சந்தையும் இருந்தும் விவசாயிகள் ஏன் வெவ்வேறு விதமாகப் பண்ணையம் செய்கிறார்கள் என்று கேட்டார். பிற்பாடு அதே துறையில் பேராசிரியரான யான் டவ்வே ஃபான் டெர் ப்ளூக் அந்தக் கேள்வியை வெகுதூரம் கொண்டுபோனார். நம் ஊர் விவசாய விரிவாக்க ஆய்வுகளில் புதிய தொழில்நுட்பத்தை ஏற்றவர், ஏற்காதவர் என்று பிரித்துவிடுவது வழக்கம். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்த வயல். ஒருவர் நேரடி விதைப்பு, இன்னொருவர் நாற்று விட்டு நடவு. படிவத்தில் இரண்டாமவர் ‘ஏற்காதவர்’. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் கதை வேறு. களை மண்டிவிடுமோ என்ற பயம், கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணீர் எப்போது வந்துசேரும் என்ற கணக்கு, நடவுக்கு வரும் பெண்களோடு அந்தக் குடும்பத்துக்குள்ள பழைய உறவு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த மனிதர் எதையும் மறுக்கவில்லை. தன் வழியில் யோசித்து முடிவெடுத்திருக்கிறார். இதைப் பார்க்கும் கண் எனக்கு வாகெனிங்கனில்தான் கிடைத்தது.

2019 அக்டோபரில், நான் அங்கே போயிருந்த புதிதில், டச்சு விவசாயிகள் டிராக்டர்களோடு தி ஹேக் நகருக்குத் திரண்டார்கள். கால்நடைக் கழிவிலிருந்தும் வரும் நைட்ரஜன் மாசு தொடர்பாக அந்த வருடம் மே மாதம் வந்த நீதிமன்றத் தீர்ப்பு பின்னணியில் இருந்தது. கால்நடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சுதான் கோபத்தைக் கிளப்பியது. எழுதி முடிக்கத் திரும்பிப் போனபோது சாலையோரமெல்லாம் தேசியக் கொடி தலைகீழாகத் தொங்கியது. நைட்ரஜன் வெளியேற்றத்தை 2030க்குள் பாதியாக்கும் அரசுத் திட்டத்துக்கு எதிர்ப்பு அது. 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் விவசாயிகளின் பெயரால் உருவான ஒரு புதிய கட்சி நாட்டிலேயே அதிக வாக்குகளைப் பெற்றது. ஊரகப் பிரச்சினை என்றாலே ஏழை நாட்டுப் பிரச்சினை என்று எண்ணுபவர்கள் அந்த வருடங்களில் அங்கே இருந்திருக்க வேண்டும். ‘நகரத்தில் இருப்பவர்களுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்?’ என்ற அதே ஆற்றாமை டெல்டாவிலும் உண்டு, வாகெனிங்கன் இருக்கும் கெல்டர்லாந்து மாகாணத்திலும் உண்டு.

நடுக்காலம்தான் கடினம். என் விஷயத்தில் 2020 மார்ச் ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. நேர்காணல்கள் போனுக்கு மாறின. அது இல்லாவிட்டாலும் தனிமை இருக்கத்தான் செய்யும். வழிகாட்டி திரையில் மட்டுமே தெரிவார், பக்கத்து மேசையில் பேச ஆள் இருக்காது. ஒப்புதல் படிவம் இன்னொரு தலைவலி. கூலி வேலை செய்யும் அம்மாக்களிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், “எதுக்குப்பா கையெழுத்து? நெலத்துக்கா, லோனுக்கா?” என்று பதறுவார்கள். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ள நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவதே சரி.

பண விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். டச்சுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வாளர்கள் பலர் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். சாண்ட்விச் மாணவர் அப்படியல்ல. என் உதவித்தொகை நெதர்லாந்தில் இருந்த மாதங்களுக்கு மட்டும்தான். களப்பணிக் காலத்தில் வேலை பார்த்த நிறுவனத்தின் சம்பளம் வந்ததால் சமாளித்தேன். ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வேலை செய்யும் இருவருக்கு இவ்வளவு வித்தியாசம் இருப்பது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

கடைசிக் கட்டத்தில் ஆய்வேட்டை ஒரு குழு படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான், பலர் முன்னிலையில் அதற்காக வாதாடும் பொது விவாதம் நடக்கும். ஆய்வேடு புத்தகமாக அச்சாகிவிடும். அதோடு ‘ஸ்டெலிங்கன்’ என்று சில கருத்துகளையும் இணைக்க வேண்டும்; ஆய்வுக்கு வெளியே உள்ள விஷயங்களையும் அதில் சொல்லலாம், குழுவில் யார் கேட்டாலும் வாதாட வேண்டும். அம்மாவும் அப்பாவும் இணையத்தில் என் விவாதத்தைப் பார்த்தார்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் அந்தத் துறைக்குழுவின் அண்மைக் கட்டுரைகளைப் படியுங்கள். அப்புறம் வழிகாட்டியாக வரக்கூடியவருக்கு இரண்டு பக்கத்தில் உங்கள் ஆய்வுக் கேள்வியை எழுதுங்கள். களப்பணிக் காலத்துக்கு எங்கிருந்து பணம் வரும் என்பதையும் அந்த முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள்.