எண்ணெய் பாட்டிலுக்கு எந்த லேபிள்? சிவகாசியில் அடித்து வாங்கிய நான்கு வகைகள் பற்றி

காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய். அரை லிட்டர், ஒரு லிட்டருக்குப் பெட் பாட்டில், ஐந்து லிட்டருக்கு எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலின் பிளாஸ்டிக்) கேன், பாட்டிலைத் திருப்பித் தரும் உள்ளூர் வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடிப் புட்டி. இவை எல்லாவற்றுக்கும் சிவகாசியில் ஒரே அச்சகத்தில்தான் லேபிள் அடிக்கிறோம். அவர்களிடம் வாங்கிய நான்கு வகை லேபிள்களையும் அவர்கள் வேலையையும் பற்றி எழுதுகிறேன். எண்ணெய், தேன், ஊறுகாய் என்று சிறிய அளவில் தொழில் நடத்துகிற பலர் டிசைனுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். லேபிள் எந்தப் பொருளில் அடிக்கப்படுகிறது, அதன் பின்னால் என்ன கம் இருக்கிறது என்று மட்டும் கேட்பதே இல்லை. பாட்டிலில் லேபிள் நிற்பதும் உரிவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இதற்கு முன் இணையத்தில் ஆர்டர் எடுக்கும் ஒரு நிறுவனம் எங்களுக்கு அடித்துத் தந்தது. அளவு என்ன, எத்தனை வேண்டும் என்ற இரண்டே கேள்விகள். வந்தது குரோமோ பேப்பர், அதாவது ஒரு பக்கம் வழவழப்பாகப் பூசிய காகிதம், மேலே பளபளப்பான லேமினேஷன். பார்க்க அழகு. எண்ணெய் பாட்டிலுக்கு என்று தெரிந்தும் காகிதத்தில் அடித்துக் கொடுத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. வாடிக்கையாளர் ஊற்றி முடித்ததும் மூடியோரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து லேபிளின் விளிம்புக்கு வரும். லேமினேஷன் முகத்தைத்தான் மூடுகிறது. வெட்டுப்பட்ட ஓரம் திறந்தே கிடக்கிறது. அந்த ஓரம் வழியாக எண்ணெய் காகிதத்துக்குள் ஏறும். முதலில் மூலை கறுக்கும், பிறகு கறை உள்ளே நகரும், காகிதம் ஊடுதெரிய ஆரம்பிக்கும். எங்கள் லேபிளில் கீழ் ஓரத்தில்தான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண் இருந்தது. பாதி பாட்டில் தீர்வதற்குள் அதைப் படிக்க முடியாமல் போனது.

சிவகாசிக்காரர் விலை சொல்வதற்கு முன்பே, "பாட்டிலை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். எதன் மேல் ஒட்டுவீர்கள், கையாலா மிஷினிலா, எண்ணெய் படுமா, ஃப்ரிட்ஜில் வைப்பார்களா, பாட்டில் திரும்ப வருமா என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் கேள்விகளுக்காகவே இந்த அச்சகத்துக்கு என் முழு மதிப்பெண்.

ஸ்டிக்கர் என்பது மூன்று அடுக்கு. மேலே அச்சு விழும் முகப்பொருள், நடுவில் கம், கீழே சிலிக்கான் பூசிய ரிலீஸ் பேப்பர். மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியும். "நல்ல ஸ்டிக்கர் கொடுங்கள்" என்று கேட்டால் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள்.

எங்களுக்குச் சோறு போடுவது வெள்ளை பி.பி. லேபிள், அதாவது பாலிபுரொப்பிலின் படலம். எண்ணெயைக் குடிக்காது, தண்ணீரில் ஊறாது, ஈரக் கையால் தேய்த்தாலும் கிழியாது. பெட் பாட்டிலில் அக்ரிலிக் கம்மோடு ஒட்டினால் கடைசிச் சொட்டு வரை நிற்கிறது. குரோமோவைவிட விலை கூடுதல்தான். பாட்டிலின் மொத்தச் செலவில் வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசத்துக்குக் கணக்குப் பார்ப்பது வீண். ஒரு நிபந்தனை உண்டு. ஒட்டும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய கையோடு லேபிளைத் தொட்டால் எந்தக் கம்மும் பிடிக்காது. நாங்கள் காலிப் பாட்டிலில் முதலில் லேபிளை ஒட்டிவிட்டு, மறுநாள்தான் எண்ணெய் நிரப்புகிறோம். அக்ரிலிக் கம் முழுப் பிடிப்புக்கு வர ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒட்டியவுடன் உரித்துப் பார்த்து "பிடிப்பே இல்லை" என்று திட்டுபவர்கள் மறுநாள் ஒருமுறை உரித்துப் பார்க்கட்டும்.

அதே லேபிளை ஐந்து லிட்டர் கேனில் ஒட்டினால் கதை வேறு. இரண்டு நாளில் மூலைகள் எழுந்துவிடும். காரணத்தை அச்சகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக் காட்டினார்கள். சுத்தமான கண்ணாடியில் விட்ட சொட்டு பரவிப் படிகிறது; எச்.டி.பி.இ. கேனில் விட்ட சொட்டு முத்தாக உருண்டு நிற்கிறது. தண்ணீர் பரவாத பரப்பில் கம்மும் சரியாகப் பரவாது. இதைத்தான் பரப்பு ஆற்றல் குறைவு என்கிறார்கள். கேனை அழுத்தினால் அதன் சுவர் வளையும், பி.பி. விறைப்பானது, கூடவே வளையாமல் சுருக்கம் விழும். அதனால் கேனுக்கு வெள்ளை பி.இ., அதாவது பாலிஎத்திலின் லேபிள் கொடுத்தார்கள். மென்மையானது, கேனோடு சேர்ந்து வளைகிறது. கம் மட்டும் ஹாட்மெல்ட், அதாவது சூட்டில் உருக்கிப் பூசும் கம். தொட்ட மாத்திரத்தில் பிடிக்கும் வேகம் இதற்கு உண்டு. ஆனால் வெப்பம் இதற்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கடியில் லேபிள் ரோல்களை அடுக்கி வைத்தால் ஓரங்களில் கம் கசியும், ரோலின் பக்கவாட்டில் தூசி ஒட்டிக் கறுத்த வளையமாகத் தெரியும். ரோல்களை உறைக்குள் வைத்து, வெயில் விழாத அறையில் வையுங்கள். இந்தக் குறை இருந்தும் கேனுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

ஒளி ஊடுருவும் பி.பி. லேபிளை எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். எண்ணெயின் நிறமே பின்னணியாகிவிடும், லேபிளே இல்லாதது போன்ற தோற்றம். நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் எங்கள் ஊரில் பாட்டில் முழுவதும் வெள்ளையாகக் கெட்டியாகிவிடும். வெள்ளை எழுத்தில் அடித்த பெயர் அந்த வெள்ளையில் கரைந்துபோகும். கடை அலமாரியில் பெயரில்லாத பாட்டிலாக நிற்கும். நல்லெண்ணெயில் இதற்கு நேர்மாறான தொல்லை: பச்சை, சிவப்பு எல்லாம் எண்ணெயின் பழுப்பு நிறம் ஏறி மங்கிவிடும். நிறங்களுக்கு அடியில் வெள்ளை மசியை ஒரு தளமாக அடித்தால் சரியாகும். அதற்கு இன்னொரு பிளேட் (அச்சுத் தகடு), கூடுதல் செலவு. கையால் ஒட்டுபவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: அடியில் சிக்கிய காற்றுக் குமிழ் ஒவ்வொன்றும் வெள்ளிப் புள்ளியாகத் தெரியும். தேன் விற்பவர்களுக்கு இது பொருந்தலாம். எங்களுக்குப் பொருந்தவில்லை.

குரோமோ பேப்பரை நான் ஒதுக்கிவிடவில்லை. கண்ணாடிப் புட்டிக்கு அதைத்தான் வாங்குகிறோம், லேமினேஷன் இல்லாமல். புட்டி திரும்பி வந்ததும் வெந்நீரில் ஊற வைத்தால் காகிதம் நனைந்து கம்மோடு கழன்றுவிடுகிறது. பி.பி. லேபிளாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது. கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணெய்க் கறை படியும்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் புது லேபிள் ஒட்டுவதால் பாதகமில்லை. அட்டைப்பெட்டிக்கும் உலர்ந்த பொடி வகைகளுக்கும் குரோமோவே போதும். அதற்குமேல் செலவழிக்க வேண்டியதில்லை.

தேதி, பேட்ச் எண், விலை ஆகியவற்றை நாங்களே டி.எஸ்.சி. டி.இ.244 என்ற, சூட்டால் அச்சிடும் லேபிள் பிரிண்டரில் அடிக்கிறோம். இங்கேதான் குழப்பம் அதிகம். டைரக்ட் தெர்மல் என்பது சூடு பட்டால் கறுக்கும் காகிதம், ரிப்பன் தேவையில்லை. கூரியர் முகவரிக்கு நல்லது, எண்ணெய் பாட்டிலுக்கு வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்ற வண்டிக்குள் முழுக் காகிதமும் கறுக்கலாம். எண்ணெய் பட்டால் எழுத்து மங்கும். தெர்மல் டிரான்ஸ்ஃபர் என்பது ரிப்பனில் இருக்கும் மசியைச் சூட்டால் லேபிளுக்கு மாற்றுவது. ரிப்பனிலும் மூன்று ரகம்: வாக்ஸ் (மெழுகு), வாக்ஸ்-ரெசின், ரெசின் (பிசின்). வாக்ஸ் ரிப்பன் காகிதத்துக்குச் சரி. பி.பி.யில் அடித்தால் எண்ணெய்க் கட்டைவிரல் ஒன்று போதும், தேதி இழுபட்டுவிடும். ரெசின் ரிப்பன் போட்டு, வேகத்தைக் குறைத்து, சூட்டைக் கூட்டி அடித்தால் நகத்தால் சுரண்டினாலும் போவதில்லை.

இதற்காக அச்சகம் செய்து தரும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. லேமினேஷனுக்குப் பதிலாக யு.வி. வார்னிஷ் (புற ஊதா ஒளியில் உலரும் மேல்பூச்சு) அடித்து, தேதி விழும் கட்டத்தில் மட்டும் வார்னிஷ் படாமல் விட்டுத் தருகிறார்கள். ரிப்பன் மசி அந்த இடத்தில் கச்சிதமாகப் பிடிக்கிறது. ரோலாக வாங்குபவர்கள் ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டியவை சில உண்டு: லேபிள்களுக்கு இடையே 3 மி.மீ. இடைவெளி, மேசை பிரிண்டருக்கு 1 அங்குல கோர் (ரோலின் நடுக் குழல்), எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி சுற்று. ஒட்டும் மிஷின் வைத்திருந்தால் எந்தப் பக்கம் முதலில் வெளியே வர வேண்டும் என்பதையும் படம் வரைந்தே கொடுங்கள். டிசைனில் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 2 மி.மீ.யாவது நிறத்தை நீட்டி வையுங்கள். இல்லாவிட்டால் டை (லேபிளை வெட்டும் அச்சு) கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

குறைகளும் உண்டு. நல்லெண்ணெய் லேபிளின் பழுப்பு நிறம் ஒரு தடவை வந்ததும் அடுத்த தடவை வந்ததும் பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரிந்தன. நான்கு நிறங்களைக் கலந்து அந்தப் பழுப்பைக் கொண்டுவந்ததுதான் காரணம். பேன்டோன் (நிறங்களுக்கு எண் கொடுத்த பட்டியல்) எண் குறித்துத் தனி மசியாக அடித்த பிறகு மாறவில்லை. இதை முதலிலேயே அவர்கள் சொல்லியிருக்கலாம். ஆடி தாண்டிவிட்டால் சிவகாசி முழுவதும் காலண்டர், டைரி வேலையில் மூழ்கிவிடும். அப்போது லேபிள் கேட்டால் தாமதம்தான். தீபாவளி விற்பனைக்கு வேண்டியதை ஆனியிலேயே அடித்து வைத்துக்கொள்கிறோம்.

டை, பிளேட்டுக்கு ஒரு முறைதான் காசு. அடுத்த ஆர்டருக்கு அதே டையை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதனால் அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் ஒரே அளவு லேபிளை வைத்துக்கொண்டோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பாட்டிலுக்கொரு அளவு என்று போகாதீர்கள்.

எனக்குத் தீராத மனக்குறை ஒன்றுண்டு. லேபிளை உரித்த பின் மிஞ்சும் ரிலீஸ் பேப்பர். சிலிக்கான் பூச்சு இருப்பதால் பழைய பேப்பர்காரர் தொடுவதில்லை. மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அடுத்த லோடு லேபிள் ஏற்றிவரும் வண்டியிலேயே அதைத் திருப்பி எடுத்து, மறுசுழற்சிக்கு வாங்குபவர்களிடம் சேர்க்க முடியுமா என்று அச்சகத்திடம் கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேப்பரை வாங்குகிற இடம் ஈரோடு, திருப்பூர் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள், நானே ஏற்றி அனுப்புகிறேன்.