நூலை அறுக்காத பாபின் எது?

தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் சுற்றிப் பூச்சிபோல் செய்யும் மீன் இரைதான் ஃப்ளை. அதைக் கட்டும்போது கடைசியாக முடிப்பது தலைப்பகுதி. வால், உடல், இறகு எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு, முள்ளின் கண்ணை ஒட்டி நாலைந்து சுற்று மட்டும் பாக்கி இருக்கும்போது நூல் அறுந்தால் அரை மணி நேர வேலை கண்ணெதிரே அவிழ்ந்துவிடும். முதல் வருடம் எனக்கு இப்படி அறுந்ததற்கெல்லாம் நூலைத்தான் குறை சொன்னேன். நூலை மாற்றி மாற்றி வாங்கினேன். ஒருநாள் பாபின் குழாயின் வாயில் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிர்! அத்தனை நாளும் அதுதான் நூலை அரம்போல ராவிக்கொண்டிருந்தது.

பாபின் என்றதும் தையல் மெஷினுக்கு அடியில் போடும் பாபின் நினைவுக்கு வரலாம். இது வேறு. நூல் சுற்றிய உருளையான ஸ்பூலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பிக்கால், நூல் வெளியே வர ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். கையை எடுத்ததும் முள்ளிலிருந்து தொங்கி, தன் எடையாலேயே நூலை இறுக்கமாக வைத்திருப்பதும் இதன் வேலை.

முதலில் குழாய். வெறும் எஃகு அல்லது பித்தளைக் குழாய் மலிவு, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. வாய் நன்றாக மெருகேற்றியதாக இருந்தால் சாதாரண நூலுக்குப் பல வருடம் உழைக்கும். ஆனால் ஜெல்-ஸ்பன் எனப்படும் பாலிஎத்திலீன் நூலை இறுக்கி இழுத்துக் கட்டுபவர்களுக்குப் பித்தளை ஆகாது. அந்த நூல் நாளடைவில் வாயில் பள்ளம் அறுத்துவிடும். பிறகு எந்த நூலைப் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் சிராய்ந்துகொண்டே வரும்.

பீங்கான் குழாய் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. தூண்டில் கம்பில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பதித்திருப்பார்களே, அதே சரக்கு. கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 9. பித்தளைக்கு 3 சொச்சம்தான். அதில் நூல் பள்ளம் போடாது. அதன் எதிரி சிமெண்ட் தரை. விழுந்து விளிம்பு சில்லுப் பெயர்ந்தால் கத்திமுனைதான், தூக்கிப் போட்டுவிட வேண்டும். உலோகக் குழாயின் நுனியில் மட்டும் பீங்கான் வளையம் பதித்தவையும் உண்டு. அவற்றில் உலோகமும் பீங்கானும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மேடு தட்டினால் வேண்டாம்.

எல்லோரும் குழாயைப் பற்றியே பேசுகிறோம். என் அனுபவத்தில் நூல் அறுவதில் பாதிக்குக் காரணம், கால்கள் ஸ்பூலைப் பிடிக்கும் பிடி. நூலின் பருமனை டெனியரில் சொல்வார்கள்: 9000 மீட்டர் நூல் 70 கிராம் இருந்தால் அது 70 டெனியர். 18, 20 எண் முள்ளில் சின்ன ஃப்ளை கட்ட அந்த அளவு மெல்லிய நூல்தான் வேண்டும். புது பாபினின் கால்கள் பெரும்பாலும் ஸ்பூலை நெரித்துப் பிடிக்கும். மெல்லிய நூல் அதைத் தாங்காது. கம்பிக்கால் பாபினில் இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது: கால்களை வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் தளர்த்தலாம். அதிக இறுக்கம் வேண்டிய நேரத்தில் உள்ளங்கையால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தால் போதும். ஒரே வகை நூலை எப்போதும் போட்டு வைத்திருப்பவருக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை.

திருகு வைத்த பாபின்களான ரைட், ஸ்டோன்ஃபோ போன்றவற்றில் இறுக்கத்தை விரலால் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். காலையில் மான் முடியை இறுக்கிச் சுழற்றி மட்லர் என்ற ஃப்ளையின் பருத்த தலையைக் கட்டிவிட்டு, மாலையில் கொசு அளவு ஃப்ளைக்கு மாறுகிறவருக்கு இது வரப்பிரசாதம். சாதாரண பாபினைவிட கனம் கூடியதாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். மிக மெல்லிய நூலில் அந்தக் கனம் தொங்குவதே ஆபத்து.

மூன்றாவது, நார்-வைஸ் போன்ற நிறுவனங்களின் தானியங்கி வகை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், வெளியே வந்த நூலைத் தானே திரும்பச் சுருட்டிக்கொள்ளும். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியான வைஸ், சுழலும் வகையாக இருந்தால் அதில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் கடையில் வாங்கிய நூலை அதன் சொந்த ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். ஐந்து நிறத்தில் கட்டுபவருக்கு அந்த வேலையே ஒரு பொழுதை விழுங்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது: முழுப் பீங்கான் குழாயுள்ள சாதாரண கம்பிக்கால் பாபின் ஒன்று. அடிக்கடி கட்டத் தொடங்கிய பின் அதே வகையில் இன்னும் இரண்டு வாங்கி, நிறத்துக்கு ஒன்றாக நூலை ஏற்றியபடியே வைத்துக்கொள்ளுங்கள். திருகு வகை, மான் முடிக்குப் போகும்போது வரட்டும். எதை வாங்கினாலும் முதல் நாளே நூலைக் கோத்து முள்ளிலிருந்து தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. இரண்டு விரலால் மெல்ல இழுத்தால் முனகாமல் வர வேண்டும். அந்த இரண்டும் அமையும்வரை கால்களை வளைத்தோ திருகைத் திருகியோ சரிசெய்துகொண்டே இருங்கள்.