பத்தாண்டுக் கனவை எங்கே கொண்டுபோவது? டார்பா, ஜப்பான், சிசிசி, டாக்ஸ்டூல்

கணினி ஆராய்ச்சியில் பலன் தரப் பத்தாண்டு பிடிக்கும் ஒரு யோசனை கையில் இருந்தால், அதை வழக்கமான மானிய விண்ணப்பமாக எழுதிப் பெரிய பயன் இல்லை. மூன்றாண்டுக் கணக்குக்குள் அது அடங்காது. "இது நடக்கிற காரியமா" என்று மதிப்பிடுபவர் முதல் பக்கத்திலேயே ஒதுக்கிவிடுவார். இப்படிப்பட்ட யோசனைகளை வளர்த்தெடுக்க நான்கு விதமான ஏற்பாடுகள் நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒப்பிடும்போது பணத்தின் அளவைவிட இன்னொரு விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது: தொடங்கும்போது எதை உறுதிசெய்தார்கள், எதைத் திறந்து வைத்தார்கள் என்பது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டார்பா, 1958இல் ஆர்பா என்ற பெயரில் தொடங்கியது. அங்கே பெரிய குழு முடிவெடுப்பதில்லை. ஒரு திட்ட மேலாளர் வருவார், மூன்று முதல் ஐந்து ஆண்டு இருப்பார், போய்விடுவார். அதற்குள் அவர் காட்ட வேண்டியதைக் காட்டியாக வேண்டும். 1970களில் இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஹைல்மையர் வைத்த கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கலைச்சொல் கலக்காமல் சொன்னால், என்ன செய்யப்போகிறீர்கள்? இன்று அது எப்படி நடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது? உங்கள் வழியில் புதிதென்ன? வெற்றி பெற்றால் யாருக்கு என்ன மாறும்? ஆபத்து, செலவு, காலம் எவ்வளவு? கடைசிக் கேள்வி: இடையில் முன்னேற்றத்தையும் முடிவில் வெற்றியையும் அளக்கும் சோதனைகள், அதாவது இடைத்தேர்வு எது, இறுதித்தேர்வு எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை என்றால் யோசனை இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல் தொடங்கிய பேச்சுப் புரிதல் திட்டத்தில் பார்க்கலாம். இறுதித்தேர்வு முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது: 1976க்குள், ஆயிரம் சொற்கள், இடைவிடாத பேச்சு, அமைதியான அறை, நல்ல மைக், பிழை 10 சதவீதத்துக்குக் கீழ். எந்த முறையில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கார்னகி மெலனில் ராஜ் ரெட்டியின் குழு (அவர் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்) ஹார்ப்பி என்ற அமைப்பை உருவாக்கி, 1,011 சொற்களுடன் அந்தத் தேர்வில் தேறியது. அதன் இலக்கணம், அதாவது அது ஏற்கும் வாக்கிய அமைப்புகள், மிகக் குறுகலானது என்ற விமர்சனம் நியாயமானதுதான். தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் தயாராவது இந்த முறையின் பிறவிக் குறை. திட்டம் முடிந்ததும் ஆர்பா தொடர் நிதி தராமல் நிறுத்தியதும் பெரிய இழப்பு. ஆனாலும் ஹார்ப்பிக்காக உருவான பீம் சர்ச் என்ற தேடல் உத்தி (ஒவ்வொரு படியிலும் நம்பிக்கையான சில வழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவது), பேச்சு உணர்தலிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் நிலைத்துவிட்டது.

இதே முறையின் பரிசுப்போட்டி வடிவம்தான் ஓட்டுநர் இல்லா வண்டிகளுக்கான கிராண்ட் சேலஞ்ச். 2004 மார்ச்சில் மொஹாவி பாலைவனத்தில் எந்த வண்டியும் பந்தயத்தை முடிக்கவில்லை. அதிக தூரம் போன சாண்ட்ஸ்டார்ம் 12 கிலோமீட்டரைக்கூட எட்டாமல், வளைவில் பாதை விலகி மண்மேட்டில் மாட்டிக்கொண்டது. முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, ரப்பர் தீப்பிடித்தது. 10 லட்சம் டாலர் பரிசு யாருக்கும் போகவில்லை. டார்பா பரிசை இரட்டிப்பாக்கி 2005 அக்டோபரில் மறுபடி நடத்தியது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் கடந்தது. மொத்தம் ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் முடித்தன. பாதையும் கடிகாரமும் மட்டுமே நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், தோற்றவர்கள் சென்சாரையும் மென்பொருளையும் அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ள முடிந்தது.

பகுத்தறியும் கணினிகளை உருவாக்க முனைந்த ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் இதற்கு நேர் எதிர். 1982இல் ஐகாட் என்ற மையம், கசுஹிரோ ஃபுச்சியின் தலைமை, பத்தாண்டு, 5,000 கோடி யென்னுக்கு மேல். பணத்திலும் துணிச்சலிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே கருவியையே முதல் நாளில் தீர்மானித்துவிட்டார்கள்: தர்க்க நிரலாக்கம் (விதிகளைக் கொடுத்துக் கணினியையே முடிவுகளைத் தேட வைப்பது), அதற்கென்றே கட்டிய, பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் இணைச்செயல் இயந்திரங்கள். தனி இயந்திரம் ஒன்றை வடிவமைத்துக் கட்டி முடிப்பதற்குள் கடையில் கிடைத்த சாதாரண நுண்செயலிகள் பல மடங்கு வேகம் பெற்றுவிட்டன. 1980களின் பிற்பகுதியில் புள்ளியியல் முறைகளும் நரம்பு வலையமைப்புகளும் தலையெடுத்தபோது அவற்றுக்குத் திட்டத்தில் இடமே இல்லை. 1992இல் மிஞ்சியது பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களும், இலவசமாக வெளியிடப்பட்ட மென்பொருளும். அவை சிறிய பயன் அல்ல. ஆனால் வாக்குறுதி தந்தது அதை அல்ல.

சிசிசி எனப்படும் கணினிச் சமூகக் கூட்டமைப்பு, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில், சிஆர்ஏ என்ற ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கமாக 2006இல் உருவானது. இது நேரடியாக ஆய்வு நடத்தாது. ஒரு துறையினரைப் பட்டறைகளில் கூட்டி, வரும் ஆண்டுகளுக்கான இலக்குகளை வரிசைப்படுத்தும் ரோட்மேப் எழுத வைத்து, நிதி தருபவர்களின் மேசைக்கு அனுப்பும். 2009இல் வந்த ரோபாட்டிக்ஸ் ரோட்மேப்பைத் தொடர்ந்து 2011இல் தேசிய ரோபாட்டிக்ஸ் முன்முயற்சி அறிவிக்கப்பட்டது. பிக் டேட்டா எனப்படும் பெருந்தரவு பற்றிய குறிப்பு 2008இல் எழுதப்பட்டது. அமெரிக்க அரசின் 20 கோடி டாலர் திட்டம் 2012இல் வந்தது. ஆக, எழுத்திலிருந்து பணத்துக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு. ஆட்சி மாறினால் அதுவும் நிச்சயமில்லை.

சிசிசி வழியில் கெடுவது பெரும்பாலும் எழுதும் கட்டத்தில்தான். பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரும் தன் துறைக்கு ஒரு பத்தி கேட்பார்கள். யாரையும் மறுக்காத அறிக்கை நூறு பக்கத்தில் எல்லாவற்றையும் பரிந்துரைக்கும், எதையும் முன்னுரிமைப்படுத்தாது. அதிகாரி படிப்பது முதல் இரண்டு பக்கம். எனவே அந்த இரண்டு பக்கத்தை ஒருவர் மட்டும் எழுத வேண்டும். மூன்று இலக்குகளுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாம் ஆண்டில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று இருக்க வேண்டும்.

டாக்ஸ்டூல், ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில் ஒரு பழைய மாளிகையில் 1990 முதல் இயங்கும் கருத்தரங்க மையம். இங்கே பணம் கிடைக்காது, ஆட்கள் கிடைப்பார்கள். அமைப்பாளர்கள் அதிகபட்சம் நால்வர், பங்கேற்பாளர்கள் 30 அல்லது 45 பேர், அழைப்பின் பேரில் மட்டும், பொதுவாக ஐந்து நாள். சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதைக்கூடப் பெயர் அட்டையைக் குலுக்கி வைத்தாற்போல மையமே மாற்றிவைக்கும். முனைவர் பட்ட மாணவர் பக்கத்தில் துறையின் மூத்தவர் உட்காருவது அப்படித்தான் நடக்கிறது. விண்ணப்பம் ஆண்டுக்கு இரு முறை. தங்குமிடத்துக்கு மானியம் உண்டு, விமானக் கட்டணம் அவரவர் பாடு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவருக்கு அந்தக் கட்டணமே பெரிய தடை. ஆசியாவில் இதே பாணியில் 2011 முதல் ஜப்பானின் ஷோனான் கூட்டங்கள் நடக்கின்றன.

இங்கே விண்ணப்பங்கள் அடிபடுவது இரண்டு காரணங்களால். அழைப்புப் பட்டியல் அமைப்பாளர்களின் நண்பர் வட்டமாகவே இருப்பது ஒன்று. ஐந்து நாளையும் உரைகளால் நிரப்பிச் சிறு மாநாடாக்கிவிடுவது இன்னொன்று. முதல் நாள் மட்டும் உரைகள் போதும். இரண்டாம் நாள் காலையிலிருந்து ஆறேழு பேர் கொண்ட குழுக்கள், மாலையில் பத்து நிமிட அறிக்கை, கடைசி நாள் எழுத்து என்று பிரித்தால்தான் கையில் ஏதாவது மிஞ்சும்.

இந்த நான்கில் ஜப்பானிய முறையைப் பரிந்துரைக்க மாட்டோம். பொருள் ஏற்கெனவே தெளிவாகி, கட்டுவது மட்டும் பாக்கி என்றால் ஒழிய. மற்ற மூன்றும் யோசனையின் வயதைப் பொறுத்தவை. பெயர்கூட இன்னும் நிலைபெறாத, சொன்னால் பத்துப் பேருக்குத்தான் புரியும் என்ற கட்டத்தில் டாக்ஸ்டூல் அல்லது ஷோனான். துறையில் இருநூறு பேர் ஒப்புக்கொள்கிறார்கள், நிதிக்குத் தலைப்பு இல்லை என்றால் சிசிசி போன்ற ரோட்மேப். "இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும்" என்று ஒரு எண்ணை எழுதக் கை நடுங்கவில்லை என்றால் டார்பா பாணி. தமிழ் பேச்சுணர்தலையோ தமிழ் ஓலைச்சுவடி வாசிப்பையோ நீண்டகால இலக்காகக் கொண்டவர்களும் இந்த மூன்றாவது முறையைப் பணமில்லாமலே தொடங்கலாம்: இறுதித்தேர்வுக்கான தரவை முதலில் சேகரித்து, பூட்டி வைத்து, மதிப்பெண் கணக்கிடும் நிரலை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.