டிரம்மில் தண்ணி கொட்டியதைப் பார்த்து 18,500 ஏமாந்தேன் – சப்மெர்சிபிள் பம்ப் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் படிக்கவும்

வயிறு எரிகிறது, கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 போச்சு. பம்பை வாங்கி வந்து முழுசாகப் பத்து நாள்கூட ஓடவில்லை.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே 4 மீட்டர் ஆழமுள்ள ஒரு குழி. ஊற்றுத் தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் அதில்தான் வந்து சேரும். அதை இறைத்து வெளியே தள்ளுகிற சப்மெர்சிபிள் பம்ப் (தண்ணிக்குள் மூழ்கியபடியே ஓடுவது), சுவிட்ச் போட்டதுமே ட்ரிப் ஆக ஆரம்பித்தது. தூக்கிப் பார்த்தால் காயில் கருகிப் போயிருந்தது. காயில் கட்டும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பேர் போட மாட்டேன், போட்டால் அதற்குத் தனிச் சண்டை. ரீவைண்டிங், மெக்கானிக்கல் சீல் செட் (சுற்றுகிற தண்டு வழியாகத் தண்ணி உள்ளே புகாமல் தடுப்பது), ஓ ரிங் செட் (மூடி இடுக்கில் போடும் ரப்பர் வளையம்), ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 18,500 என்று பில். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

எடுக்கப் போன அன்று அவர் காட்டிய வித்தை இருக்கிறதே! இம்பெல்லரை, அதாவது தண்ணியைத் தள்ளும் சக்கரத்தை, ஒற்றை விரலால் சுற்றிவிட்டார், வழுக்கிக்கொண்டு சுற்றியது. மெக்கர் (காயிலில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர், எண் கூடினால் நல்லது) வைத்தார், 200 மெகாஓம் காட்டியது. அப்புறம் ஒரு டிரம் தண்ணியில் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டினார். தண்ணி ஆளுயரத்துக்குப் பீறிட்டது. "பாத்துக்கோங்க சார், இனி ஒரு சொட்டு உள்ள போகாது. காத்தடிச்சு லீக் டெஸ்ட்டும் முடிச்சாச்சு" என்றார். சட்டையெல்லாம் நனைய நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. காத்தடித்ததை நான் பார்க்கவே இல்லை. "எங்கே, ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க" என்று கேட்க வாய் வரவில்லை. பெரிய மனுஷனாட்டம் பேசுகிறவரைச் சந்தேகப்பட்டால் மரியாதையாக இருக்காதே என்ற நினைப்பு.

ஒன்பதாம் நாள் ராத்திரி மறுபடி ட்ரிப்.

போன் போட்டேன். முதல் பதில்: "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும் சார்." அடுத்து: "தண்ணி இல்லாம ஓட்டியிருப்பீங்க." குழி நிரம்பி வழிகிறது என்றேன். அப்படியென்றால் கேபிளைப் பிடித்துத் தூக்கியிருப்பேனாம். சங்கிலி கட்டித்தான் இறக்கினோம், அதற்குப் போட்டோவே இருக்கிறது. போட்டோ போனதும் பேச்சு மாறியது: "காயிலுக்கு எங்கயுமே வாரண்டி கிடையாது சார்." மறுநாள் முதலாளி வெளியூர். அதற்கு மறுநாள் அந்த வேலையைப் பார்த்த பையன் நின்றுவிட்டானாம். இன்றைக்குப் போனை எடுக்கவே இல்லை.

வேறொரு மெக்கானிக்கிடம், வயசானவர், கொண்டுபோய் என் கண் எதிரே பிரிக்கச் சொன்னேன். ஆயில் பிளக்கை, அதாவது ஆயில் அறையின் திருகு மூடியை, திறந்ததும் சுண்ணாம்பு கரைத்த தண்ணி மாதிரி ஒழுகியது. ஆயிலில் தண்ணி கலந்தால் அந்த நிறம்தான் வரும். உருண்டையாக இருக்க வேண்டிய ஓ ரிங் ஒரு பக்கம் சப்பித் தட்டையாகியிருந்தது. காடி முழுக்க சிலிக்கான் பேஸ்ட். பழைய ரிங்கையே போட்டு மேலே பேஸ்ட்டை அப்பியிருக்கிறார்கள். மெக்கானிக்கல் சீலும் புதுசு இல்லை. சீலின் உரசுகிற கார்பன் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கணும். இதில் நகத்தை வைத்து இழுத்தாலே தட்டுப்படுகிற மாதிரி வட்டமாக ஒரு கோடு. பில்லில் மட்டும் இரண்டும் புதுசு.

எனக்கு ரத்தம் கொதித்தது இதற்கெல்லாம் இல்லை. காத்தடித்துப் பார்க்க மோட்டார் அறைக்கென்று தனியாக ஒரு சோதனை பிளக் உண்டு. அதன் காடிக்குள் பழைய பெயிண்ட் காய்ந்து அப்படியே இருந்தது, ஸ்க்ரூ டிரைவர் பட்ட தடமே இல்லை. கேபிள் நுழைகிற வழியாகவும் காற்று கொடுக்கலாம்தான், ஆனால் அங்கே கேபிளை இறுக்கும் கிளாண்ட் நட்டும் பழைய துருவோடு அசையாமல் இருந்தது. பிறகு எந்த வழியாக ஐயா காத்தடிச்சீங்க?

டிரம் சோதனையே ஒரு கண்கட்டு வித்தை என்பது பெரியவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தண்ணிக்குள் 10 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். அரை மீட்டர் டிரம்மில் 0.05 பார்தான். என் குழியின் அடியில் 0.4 பார், அதாவது எட்டு மடங்கு. அதுவும் இரண்டு நிமிடம் இல்லை, ராப்பகலாக. மெக்கர் 200 காட்டியதும் காய்ந்த காயிலின் யோக்கியதையைச் சொல்லுமே தவிர, நாளைக்குத் தண்ணி புகுமா என்று சொல்லாது. கீழ்ச் சீல் விட்டால் முதலில் ஆயில் அறை, மேல்ச் சீலும் விட்டால் அப்புறம் காயில். ஒன்பது நாளில் அந்த வழியைத்தான் தண்ணி நடந்து முடித்திருக்கிறது. பெரியவர் மெக்கர் வைத்தபோது முள் பூஜ்யத்தை விட்டு எழும்பவே இல்லை. 18,500க்குக் கட்டிய காயில்!

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. அவசரமாகச் சில: பழைய சீலையும் ஓ ரிங்கையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூடி போட்டதும், அழுத்தம் காட்டும் கேஜோடு காற்று கொடுத்துத் தண்ணியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள்; முள் இறங்கக் கூடாது, குமிழி வரக் கூடாது. 1 பாருக்குக் குறைவாகவே கொடுக்கணும், கையேட்டில் என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு; வேகமாக அடித்தால் நல்ல சீலும் பிரிந்துவிடும். ஆயிலை விளிம்பு வரை ஊற்ற விடாதீர்கள், சூட்டில் விரிய இடம் வேண்டும். ஒரு ராத்திரி தண்ணியில் போட்டுவைத்து, எடுத்த கையோடு மெக்கர் பார்க்கச் சொல்லுங்கள். லீக் டெஸ்ட் செய்ததாகப் பில்லில் எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை.

குழியில் தண்ணி ஏறிக்கொண்டே இருக்கிறது. வாடகை பம்ப் இறக்க ஆள் வந்து கூப்பிடுகிறார், போகிறேன்.