மாந்தோப்பில் ‘பேபி டே அவுட்’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று இரவு தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, “இது உன் பொண்ணுதானே?” என்று கேட்டாள். என் பெண்ணேதான். மஞ்சள் கவுன், கையில் மாங்காய், வாயெல்லாம் பல். மேலே “எங்கள் குட்டி விருந்தினர்களின் சந்தோஷம்!” என்று எழுத்து. கீழே வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் ஒரு ஜிபே எண்ணும். அந்தப் படம் எடுத்த பத்தாவது நிமிடம் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் படத்தில் வராது. போன பணம் போகட்டும் என்று மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

நாங்கள் தர்மபுரி. மூன்றரை வயதுப் பெண், எட்டு மாதப் பையன். இந்த வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்பது இங்கே பெரிய கேள்வி. ஒகேனக்கல் இருக்கிறது, ஆனால் கைக்குழந்தையோடு பரிசலில் ஏற எனக்குத் தைரியம் கிடையாது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் கூட்டம் நெரிக்கும். அப்போதுதான் இன்ஸ்டாவில் அந்த ரீல் வந்தது. காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பு, 0 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மட்டும். குட்டி நீச்சல் குளம், ஜம்பிங் பலூன், குதிரைச் சவாரி, குழந்தைகளே மாங்காய் பறிக்கலாம், தாய்ப்பால் கொடுக்க ஏசி அறை, மதியச் சாப்பாடு. பெரியவர்களுக்கு 600, குழந்தைக்கு 450, இரண்டு வயதுக்குள் இலவசம். அத்தையையும் சேர்த்து 2,250 ரூபாய் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. ரசீது கேட்டேன், கையைத் தூக்கிக் கும்பிடும் எமோஜி ஒன்று வந்தது. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

வாசலிலேயே ஆரம்பித்தது. வண்டி நிறுத்த 50. பலூனில் ஏற அவர்கள் விற்கும் சாக்ஸ்தான் போட வேண்டுமாம், 60. குதிரைக்கு 100, அது டிக்கெட்டில் சேராதாம். இலவசம் என்ற எட்டு மாதக் குழந்தைக்கு “இடப் பராமரிப்பு” என்று 150. “இவன் இடத்தைப் பராமரிக்கிறதே நான்தானே, மடியிலதான இருக்கான்” என்றேன். கையில் டோக்கன் கட்டு வைத்திருந்த பையன் சிரித்தான், ஆனால் வாங்கிக்கொண்டான்.

ஏசி அறை எங்கே என்று கேட்டதும் மோட்டார் ரூமைக் காட்டினார்கள். ஒரு மூலையில் உர மூட்டை, இன்னொரு மூலையில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர், வாசலுக்குத் திரையாக ஒரு பழைய புடவை. பூச்சிமருந்து நெடி மூக்கைத் துளைத்தது. 2015-லேயே பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. கடைசியில் காருக்குள் உட்கார்ந்துதான் கொடுத்தேன்.

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். சின்னவனுக்கு ராகிக் கஞ்சி கலக்க வெந்நீர் கேட்டேன். தோட்டத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார் ஒருவர். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல ஊர்களில் பிள்ளைகளின் பல் காவி ஏறிப் போனதற்கு அதுதான் காரணம். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் திறந்தார்கள். “நல்லா கொதிக்க வச்சது மேடம்” என்றார் பெருமையாக. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்று டிக்கெட் விற்றவர்கள் இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வைத்திருக்கலாம். நல்லவேளை, அத்தை வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தார்கள்.

அடுத்து மாங்காய் பறிப்பு. கைக்கெட்டும் உயரத்தில் பெங்களூரா கொத்துக் கொத்தாகத் தொங்கியது. போட்டோ எடுக்கும் பையன் பெரியவளைத் தூக்கிப் பிடித்து, “பிடிச்சு இழு பாப்பா” என்றான். இழுத்தாள். காம்பு ஒடிந்த இடத்திலிருந்து பால் பீறிட்டு அவள் கன்னத்தில் பட்டது. மாம்பால் பட்டால் பெரியவர்கள் தோலே வெந்து போகும். பறிக்கிறவர்கள் காம்போடு அறுத்து, கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுவது அதனால்தான். உடனே கழுவினோம். அப்படியும் சாயங்காலத்துக்குள் கன்னம் சிவந்து, இரண்டு நாளில் கறுத்துத் தழும்பாகிவிட்டது. இன்னும் முழுதாக மறையவில்லை.

அவள் அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் தடியோடு ஓடி வந்தார். “யாரைக் கேட்டுப் பறிக்கிறீங்க? பூவுலயே குத்தகை பேசி முடிச்ச தோப்பு இது!” நம் பக்கத்துத் தோப்புகளைத் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். நிலம் ஒருவருடையது, அந்த வருடத்துக் காய் முழுக்கக் குத்தகைக்காரருடையது. இவர்கள் நிலத்துக்காரரிடம் நிழலை மட்டும் வாடகைக்கு எடுத்துவிட்டு, காயையும் சேர்த்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். இருபது குடும்பமும் கையில் மாங்காயோடு திருடர்கள் மாதிரி நின்றோம்.

குளம் என்பது காற்றடித்த பிளாஸ்டிக் தொட்டி. டயப்பரோடு பத்துப் பதினைந்து குழந்தைகள், பதினொரு மணிக்கே தண்ணீர் டீ நிறம். பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை. முழங்கால் அளவு கூட வேண்டாம், குப்புற விழுந்தால் நாலு விரல் தண்ணீர் போதும் இந்த வயதுக்கு. நான் பெரியவளை இறக்கவே இல்லை. அவளைச் சமாதானப்படுத்த என் வீட்டுக்காரர் ஜம்பிங் பலூனுக்குக் கூட்டிப் போனார்.

இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. அந்தப் பலூன் மாளிகை தானாக நிற்காது, ஒரு புளோயர் ஓடிக்கொண்டே இருந்து காற்றை ஊதினால்தான் நிற்கும். அந்தப் புளோயருக்கு மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அதில் பத்து வயதுப் பையன்கள் நாலு பேர், ஐந்து வயது வரம்பெல்லாம் விளம்பரத்தோடு சரி. திடீரென்று சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது. கோபுரம் இரண்டும் தலை சாய்ந்து, சுவர் உள்பக்கமாக மடிந்து, கூரை அப்படியே பிள்ளைகள் மேல் படுத்தது. வாசல் எங்கே என்றே தெரியவில்லை. நாலைந்து அப்பாக்கள் செருப்போடு பாய்ந்து ரெக்சினைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்று இவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. என் பெண் உதட்டைக் கடித்து ரத்தத்தோடு வந்தாள். ஜெனரேட்டர் ஏன் வைக்கவில்லை என்று கேட்டதற்கு டோக்கன் பையன் சொன்னது: “ஒண்ணும் ஆகலையே மேடம்.”

சாப்பாடு ஆறிப்போன எலுமிச்சை சாதமும் சிப்ஸும். தொடவில்லை, கிளம்பிவிட்டோம்.

திரும்பி வீட்டுக்குப் போக மனமில்லாமல் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்கு வண்டியைத் திருப்பினார் என் வீட்டுக்காரர். நுழைவுச் சீட்டுக்குச் சில்லறைக் காசுதான். மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, அத்தை கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம், இவர் மட்டும் போய்ப் பொரித்த மீன் வாங்கி வந்தார். சின்னவன் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தான். பெரியவள் உதடு வீக்கத்தோடு இரண்டு மணி நேரம் ஒரு நாய்க்குட்டி பின்னாலேயே திரிந்தாள். “மொதல்லயே இங்க வந்திருக்கலாம்ல” என்று அத்தை கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாதியாவது தாருங்கள் என்றேன். அடுத்த நிகழ்ச்சிக்கு இருபது சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். இது வேண்டாம் என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் எழுதிய ஐந்தாவது நிமிடம் என்னை நீக்கிவிட்டார்கள்.

இவர்கள் என்றில்லை, இப்படி யார் கூப்பிட்டாலும் பணம் அனுப்பும் முன் போனில் கேளுங்கள்: கரண்ட் போனால் பலூனுக்கு என்ன ஏற்பாடு, குளத்துப் பக்கம் யார் நிற்பார்கள், எந்தத் தண்ணீர், டிக்கெட்டில் எதெல்லாம் சேர்த்தி. பாலூட்டும் அறையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் எடுக்காமல் விட்ட ரீலை அவர்கள் அன்றே அழித்துவிட்டார்கள். எங்களோடு வந்த இன்னொரு அம்மா எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அதையும் ஜிபே விவரத்தையும் வைத்து இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடலாம். அன்று வந்த மற்றக் குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டியில் வாருங்கள், சேர்ந்து போடுவோம்.

பெண்ணின் படத்தை எடுக்கச் சொல்லிக் காலையிலிருந்து மூன்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் நீல டிக் வந்துவிட்டது. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.