8,900 கிலோமீட்டருக்குப் பிறகு என் ஹைப்ரிட் சைக்கிள்

இந்த சைக்கிளை வாங்கியது 2021 பிப்ரவரியில். போன ஞாயிற்றுக்கிழமை மீட்டர் 8,900 காட்டியது. வாங்கும்போது எனக்கு 41 வயது, 86 கிலோ எடை, பள்ளிக்கூடத்தோடு சைக்கிளைக் கைவிட்டவன். இப்போது ஆபீஸில் மாதம் ஒருவராவது வந்து, “நானும் ஓட்டலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் நாலைந்து கம்பெனி வண்டிகளும் ஏறக்குறைய ஒரே பாகங்களைப் போட்டுத்தான் வருகின்றன.

உண்மையில் இது இரண்டாவது. முதல் வண்டியை ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் வாங்கினேன். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சைக்கிள் ஆசை வந்திருந்தது, கடையில் என்ன நின்றதோ அதுதான் கிடைக்கும் என்ற நிலை. தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர். பார்த்தால் ஜோராக இருந்தது. தூக்கிப் பார்த்தால் 17 கிலோ. பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் போய்ச் சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அந்த விலையில் வரும் ஷாக் அப்சார்பர் வெறும் ஸ்பிரிங்தான். எழுந்து நின்று மிதித்தால் வண்டி முன்னால் போவதைவிடத் தலையாட்டுவது அதிகம்.

அதைவிடப் பெரிய கோளாறு சைஸ். என் உயரம் 168 செ.மீ., அந்த ஃப்ரேம் 180 செ.மீ. ஆளுக்கானது. “சீட்டை இறக்கிக்கலாம் சார்” என்றார் கடைக்காரர். சீட் இறங்கும், ஹேண்டில்பார் கிட்டே வராதே. நாலு மாதம் கழுத்து வலியோடு ஓட்டிவிட்டு, எதிர் வீட்டுப் பையனுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அவன் வளர்ந்துவிட்டான், இப்போது அவனுக்கு அது கச்சிதமாக இருக்கிறது.

ஆகவே இரண்டாவது முறை போனபோது கியரையும் பிரேக்கையும் பற்றிப் பேசவே இல்லை. வண்டியின் நடுக்கம்பிக்கு மேலே கால்களை அகட்டி நின்றேன். இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும், இருந்தது. பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வைத்தேன். அப்போது முழங்கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம் அல்லவா, அப்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். நம் ஊரில் பலர் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டிவிட்டு, “சைக்கிள் ஓட்டினால் முட்டி தேயும்” என்கிறார்கள். தேயாமல் என்ன செய்யும்?

ஹைப்ரிட் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ரோடு பைக்கின் பெரிய சக்கரம், அதைவிடக் கொஞ்சம் அகலமான டயர், நிமிர்ந்து உட்காரும்படியான நேர் ஹேண்டில்பார். என்னுடையதில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பின்னால் 7 பல்சக்கரம், முன்னால் மூன்று. பிரேக் சாதாரண வி-பிரேக், அதாவது ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிப்பது. மொத்தம் 14 கிலோ. விலை 18,500, கூடவே மட்கார்டு, விளக்கு, பூட்டு, ஹெல்மெட், காற்றடிக்கும் பம்ப் என்று இன்னொரு நாலாயிரம். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த நாலாயிரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது.

முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரங்களில் நடுவில் உள்ளதைவிட்டு நான் நகர்ந்ததே அபூர்வம். சென்னை தட்டையான ஊர். பாலம் ஏறும்போது பின்னால் இரண்டு கியர் மாற்றினால் போதும். ஏற்காடு, ஏலகிரி என்று போகிறவர்களின் கதை வேறு. வி-பிரேக்குக்கும் அதே தீர்ப்புதான். மழையில் ரிம் நனைந்தால் முதல் ஒரு சுற்றுக்குப் பிடிக்காது, கொஞ்சம் முன்கூட்டியே அழுத்த வேண்டும். மற்றபடி குறையில்லை. பிரேக் கட்டையில் கோடு வெட்டியிருப்பார்கள், அது மறைந்தால் மாற்ற வேண்டியதுதான், இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ரிம்மிலிருந்து உதிர்ந்த அலுமினியத் துணுக்கு பொதிந்திருக்கும். ஊசியால் நெம்பி எடுக்காவிட்டால் அது ரிம்மையே அரைத்துவிடும்.

முதல் வருஷம் படுத்தியது ஸ்போக்ஸ் கம்பிதான். 600 கிலோமீட்டரில் பின் சக்கரத்தில் ஒன்று ‘டங்’ என்று அறுந்தது, வலது பக்கம். கடையில் ஒன்று மாற்றினார்கள். அடுத்த மாதம் இன்னொன்று. எடை அதிகம் என்று என் வயிற்றைப் பார்த்தார்கள். மூன்றாவது அறுந்த பிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டு, அடையாற்றில் ஒரு மரத்தடியில் கடை போட்டிருக்கும் பாயிடம் போனேன். அவர் ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக் கேட்டார், வீணைக்குச் சுருதி பார்ப்பதுபோல.

“தம்பி, ஒண்ணு இறுக்கம், ஒண்ணு லூசு. இறுக்கமா இருக்கறது எல்லா பாரத்தையும் தாங்கி அறுந்துபோவுது. புது வண்டின்னா கொஞ்ச நாள் ஓட்டினப்புறம் கம்பியெல்லாம் ஒருதபா பார்க்கணும். யாரும் பாக்கல.”

பின் சக்கரத்தில் பல்சக்கரத்துக்கு இடம்விட வேண்டியிருப்பதால் வலது பக்கக் கம்பிகளில் எப்போதும் இழுவிசை அதிகம். அதனால்தான் அந்தப் பக்கமே அறுந்துகொண்டிருந்தது. வலது பக்கம் முழுக்க துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, பெண்டு எடுத்துக் கொடுத்தார். நாலு வருஷமாகிறது, ஒன்றும் அறுந்ததில்லை. வயிறும் அப்படியேதான் இருக்கிறது. கடையில் தரும் முதல் இலவச சர்வீஸுக்குப் போகும்போது “ஸ்போக்ஸ் டென்ஷன் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் துடைத்துக் காற்றடித்து அனுப்பிவிடுவார்கள்.

செயின் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. முதல் செயினை 4,100 கிலோமீட்டர் வரை மாற்றவே இல்லை. நன்றாகத்தானே ஓடுகிறது என்ற நினைப்பு. ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்ததும் எழுந்து மிதித்தேன், கடக் என்று பல் நழுவி நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதியது. புது செயின் போட்டேன், நழுவுவது இன்னும் அதிகமானது. காரணம் இதுதான். செயின் நீண்டுபோய்விட்டது என்போம், ஆனால் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் ‘பின்’ என்ற சின்ன ஆணி தேய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடுகிறது. அந்த நீண்ட செயின் பல்சக்கரத்தின் பல்லையும் தன் அளவுக்கு அரைத்துக்கொள்கிறது. அதன் மேல் புது செயின் பொருந்தி உட்காராது. 800 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, பின் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலும் சேர்ந்து 1,900 ஆனது.

இப்போது ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மாதம் ஒருமுறை அளக்கிறேன். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம். ஒரு பின்னின் இடது ஓரத்தில் பூஜ்யத்தை வைத்தால், புது செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் இடது ஓரம் சரியாக வந்து நிற்கும். அது கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் மாற்றிவிட வேண்டும். இரண்டாவது செயினை இப்படி அளந்து 2,600-ல் மாற்றினேன், பல்சக்கரம் தப்பித்தது. மூன்றாவது இப்போது 2,200-ல் ஓடுகிறது, ஸ்கேலில் முடி அளவுதான் நகர்ந்திருக்கிறது.

எண்ணெய் போடுவதில் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் உண்டு. மாமனார் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார். போட்டேன். ஒரு வாரத்தில் புழுதி சேர்ந்து கறுப்பு அல்வா மாதிரி ஆகிவிட்டது. துரு கழற்றும் ஸ்ப்ரே அடித்தால் அழுக்கு போகும், கூடவே உள்ளே இருந்த எண்ணெயும் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் இரண்டு நாளில் வற்றிவிடுகிறது. கடைசியில் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய்க்கு வந்து சேர்ந்தேன், ஒரு பாட்டில் பத்து மாதம் வருகிறது. ஞாயிறு காலை பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவேன், துணி கறுக்காத வரை. பிறகு ஒவ்வொரு உருளை மேலும் ஒரு சொட்டு. ஒரு காபி குடித்துவிட்டு வந்து, வெளியே வழிந்ததையெல்லாம் மறுபடி துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்க்கு வேலை கண்ணிக்குள்ளே, வெளியே நிற்பது மண்ணைத்தான் பிடிக்கும்.

என் வீடு கடலுக்குப் பக்கம். விடிகாலையில் ஈசிஆரில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், வழியெல்லாம் உப்புக்காற்று. முதல் மழைக்காலம் முடிவதற்குள் போல்ட் தலையெல்லாம் பழுப்பேறிவிட்டது. இப்போது ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்கிறேன், அவ்வளவுதான். வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தமாகத் தண்ணீர் அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் போய்விடும். சீட் கம்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவி கிரீஸ் தடவுகிறேன், இல்லாவிட்டால் ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும். உருவுவதற்கு முன் உயரத்தில் ஒரு டேப் சுற்றிவிட்டால் திரும்ப அளக்கும் தொல்லை இல்லை.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டி வேளச்சேரியில் அக்கா வீட்டில் இருந்தது. ஒன்றரை நாள், சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர். வடிந்ததும் கழுவித் துடைத்து ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் மணலை அரைப்பதுபோலக் கைக்குத் தட்டியது. பாய் அச்சில் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோனைத் திருகித் திறந்தார். உள்ளே கிரீஸ் இல்லை, ஏடு படிந்த டீ மாதிரி ஒன்று வழிந்தது. பால்ரஸை ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டி எண்ணினார். பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் காட்டினார். ஐந்தாறு உருண்டைகளில் அம்மைத் தழும்பு போலக் குழி.

“நாலு குண்டு கெட்டுச்சுன்னா பதினெட்டும் மாத்தணும். பழசும் புதுசும் ஒரே அளவு நிக்காது. கப்பு தப்பிச்சுது, அதுக்கு சந்தோசப்பட்டுக்க.”

கப்பு என்பது குண்டுகள் உருளும் கிண்ணம். அதில் குழி விழுந்திருந்தால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பையே மாற்ற நேர்ந்திருக்கும். குண்டு, கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். வெள்ளத்தில் நின்ற சைக்கிளை அந்த வாரமே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

டயருக்கு வருவோம். ரோட்டோரக் கடையில் “28 டியூப் இருக்கா?” என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அங்கேதான் வம்பு. நம் தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளும் 28, ஹைப்ரிட்டும் பேச்சுக்கு 28. ஆனால் பழையதன் ரிம் 635 மில்லிமீட்டர், இதனுடையது 622. அவசரத்துக்கு அந்த டியூப் எப்படியோ உட்கார்ந்துகொள்ளும், டயர் உட்காராது. டயர் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல எண் அச்சடித்திருக்கும், அதைச் சொல்லிக் கேளுங்கள். வால்வு விஷயமும் உண்டு. என்னுடையது கார், பைக்கில் வரும் தடித்த வால்வு, பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். மெல்லிய வால்வு உள்ள வண்டி என்றால் சின்ன அடாப்டர் ஒன்று பையில் இருக்க வேண்டும்.

காற்றை 60 பிஎஸ்ஐ-யில் வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை பார்ப்பேன். சோம்பலில் விட்டுவிட்ட ஒரு மாதத்தில் மட்டும் மூன்று பஞ்சர். டியூபை எடுத்துப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டை. முள்ளோ ஆணியோ இல்லை, காற்றில்லாத டயர் பள்ளத்தில் இறங்கியபோது ரிம் நசுக்கிய ஓட்டை.

ஒரு சின்ன அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பெடல் கீச்சிட்டதால் நானே மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். வலது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கத்தில் அரை மணி நேரம் போராடி, ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது. இடது பெடலின் மரை தலைகீழானது, மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். நான் அந்த அரை மணி நேரமும் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டி வலது பக்கம் ஒருமுறை விழுந்தது. பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்து, கியர் தாறுமாறாக விழ ஆரம்பித்தது. ஃப்ரேம் தப்பிக்க வேண்டும் என்பதற்காக அது வளையும்படியே செய்யப்பட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு, எனக்கு வந்துசேர பதினெட்டு நாள் ஆனது. வண்டி வாங்கும் அன்றைக்கே ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். ஹேங்கர் என்று கேட்டால் தருவார்கள்.

இதுவரை பராமரிப்புக்கு ஆன செலவு, என் தப்பால் போனதையும் சேர்த்து, ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கணக்கு. இப்போது பின் டயரின் நடுவில் பட்டை தட்டிவிட்டது, வெட்டுகளும் நாலைந்து தெரிகின்றன. இந்த மழை முடியட்டும் என்று பார்க்கிறேன். 37-622 என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.