வெள்ளிக்கிழமை வரும் வெள்ளிக் கணக்கு

நியூயார்க் காமெக்ஸ் சந்தையின் வெள்ளி ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) யார் லாங் (விலை ஏறினால் லாபம்), யார் ஷார்ட் (இறங்கினால் லாபம்) என்று காட்டும் சிஓடி ரிப்போர்ட்டை 2017-லிருந்து வாராவாரம் பார்த்து வருகிறேன். அமெரிக்காவில் ஃபியூச்சர்ஸ் சந்தைகளைக் கண்காணிக்கும் சிஎஃப்டிசி வெளியிடுவது. அங்கே வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை என்றால் இங்கே சனி அதிகாலை ஒரு மணி, குளிர்காலத்தில் இரண்டு. முதல் வருடம் கண்விழித்துப் பார்த்தேன். அதில் இருப்பது செவ்வாய்க்கிழமைக் கணக்கு என்பது உறைத்த பிறகு, காலைக் காபியோடு போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பத்தில் நான் அடி வாங்கியது கமர்ஷியல் பிரிவை, அதாவது வெள்ளித் தொழிலில் இருப்பவர்களின் கணக்கைப் பார்த்து. விவரம் தெரிந்தவர்களே இவ்வளவு ஷார்ட் வைத்திருக்கிறார்களே என்று நானும் ஷார்ட் போட்டேன். அந்தப் பிரிவு வெள்ளியில் பல பத்தாண்டுகளாகவே பெரும்பாலும் நெட் ஷார்ட்தான் (லாங்கைவிட ஷார்ட் அதிகம்). சுரங்கத்திலிருந்து வரப்போவதற்கு இன்றே விலை பேசி வைப்பவர், கிடங்கில் கட்டி வைத்திருப்பவர், வாடிக்கையாளருக்காக ஹெட்ஜ் செய்யும் (விலை மாறினால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டும்) வங்கி எல்லாம் அதில் உண்டு. விலை ஏறினால் ஃபியூச்சர்ஸில் விட்டதைச் சரக்கில் எடுத்துவிடுவார்கள். என்னிடம் ஏது சரக்கு?

அப்புறம் 2009-லிருந்து வரும் விரிவான பட்டியலுக்கு மாறினேன். அதில் பிறர் பணத்தை வைத்து ஊக வணிகம் செய்யும் ஃபண்டுகள் 'மேனேஜ்டு மணி' என்று தனியாக இருக்கும். 2018 செப்டம்பரில் ஃபண்டுகளே நெட் ஷார்ட்; விலை அவுன்ஸுக்கு 14 டாலர் பக்கம். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தாயிற்று, இனி கவரிங்தான் (ஷார்ட்டை மூடத் திரும்ப வாங்குவது), விலை ஏறும் என்று லாங் எடுத்தேன். நவம்பரிலும் அதே 14. டிசம்பர் கடைசியில் அமெரிக்க அரசு முடங்கியதால் ஐந்து வாரம் ரிப்போர்ட்டும் இல்லை. நல்ல ஏற்றம் வந்தது 2019 ஜூலைக்குப் பிறகு. அதற்குள் நான் வெளியே வந்துவிட்டிருந்தேன். ஊகம் சரி, பொறுமையும் மார்ஜினும்தான் (கட்டி வைக்க வேண்டிய ஈட்டுப்பணம்) போதவில்லை.

இப்போது நெட் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஃபண்டுகளின் லாங், ஷார்ட் இரண்டையும் தனித்தனியாக, மொத்த ஓப்பன் இன்ட்ரஸ்டில் (இன்னும் மூடப்படாத கான்ட்ராக்ட்களில்) எத்தனை சதவீதம் என்று நோட்டில் எழுதுகிறேன். நெட் 5000 கான்ட்ராக்ட் கூடினால் புதிதாக வாங்கினார்களா, பழைய ஷார்ட்டை மூடினார்களா என்பது இதில்தான் தெரியும். விலை ஏறும்போது ஓப்பன் இன்ட்ரஸ்ட் இறங்கினால் அந்த ஏற்றத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஃபியூச்சர்ஸ் மட்டும், ஆப்ஷன் (வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் தரும் ஒப்பந்தம்) சேர்த்தது என்று இரண்டு பட்டியல் வரும். ஒருமுறை இரண்டையும் கலந்து ஒப்பிட்டு வீணாகப் பயந்ததும் உண்டு.

இதை வைத்துப் புதிதாக எதிலும் இறங்குவதில்லை. ஃபண்டுகளின் லாங் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால் நான் வைத்திருக்கும் கான்ட்ராக்ட்களைக் குறைப்பேன், அவ்வளவுதான்.